நாலாயிரம் புத்தகங்களை யாரும் தொடவில்லை

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், ஒரு திங்கட்கிழமை காலையில், நூலகத் துறைத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் என்னிடம் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். நான் காலி செய்த நாற்காலியில் இப்போது அவர் இருக்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு, வாக்கிங் போகிறீர்களா என்று வரிசையாக விசாரித்தார். அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒருவர் நம் உடம்பைப் பற்றி மூன்று கேள்வி கேட்டால் நாலாவதாக ஒரு வேலை வரும் என்று எனக்குத் தெரியும்.

வந்தது. கிளை நூலகங்கள் எல்லாம் தங்கள் புத்தகப் பட்டியலைப் புதிய படிவத்தில், கணினியில் ஏற்றி அனுப்ப வேண்டும். கூடவே, ஐந்து வருடமாக யாரும் எடுத்துப் போகாத புத்தகங்களைத் தனியாக எடுத்து நீக்கப் பட்டியல் ஒன்றும் அனுப்ப வேண்டும். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கிளையில் நூலகர் பணியிடம் காலியாகி ஆறு வருடம் ஆகிறது. தினக்கூலி உதவியாளராக ஒரு பெண்மணி மட்டும் இருக்கிறார்.

"அந்தம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது சார். நீங்க ஒங்க மேக்ரோவ வெச்சி ரெண்டு நாள்ல ஊதித் தள்ளிடுவீங்க. வேற யாரு சார் இருக்காங்க?" என்றார்.

என் மேக்ரோவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பணியின் கடைசி நான்கு வருடங்களில் நான் அதைக் கற்றுக்கொண்டேன். ஆர்வத்தால் அல்ல, அலுப்பால். ஒரு புத்தகத்தைப் பட்டியலில் ஏற்ற, ஆசிரியர் பெயரை வெட்ட வேண்டும், அடுத்த கட்டத்தில் ஒட்ட வேண்டும், பகுப்பு எண்ணைத் தேடித் தட்ட வேண்டும், கீழே இறங்க வேண்டும். அடுத்த புத்தகத்துக்கும் அதையே செய்ய வேண்டும். ஆயிரம் புத்தகம் ஆனதும் என் வலது கைக் கட்டைவிரல் சாப்பாட்டுத் தட்டின் மேல் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. மேக்ரோ என்பது வேறொன்றும் இல்லை. நாம் செய்வதை ஒரு முறை பார்த்துக்கொண்டு, போதும் என்று சொல்லும் வரை கணினி அதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான். முப்பத்து நான்கு வருடப் பணியில் எனக்குக் கீழே இப்படி ஓர் ஊழியர் வாய்த்ததில்லை. ஏன் என்று கேட்காது. விடுப்பு எடுக்காது. தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் அந்தத் தப்பையும் ஒன்று விடாமல் செய்யும். கடைசியாகச் சொன்னதையும் ஒரு நற்குணம் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

வில்லியனூரில் என் வீட்டிலிருந்து அந்த ஊருக்கு ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம் ஆகும். அபிஷேகப்பாக்கத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். ஆனால் பார்த்துக்கொண்டு போக முடியாது. எதிரில் வரும் கம்பெனி பஸ்கள் ஓய்வூதியர் என்று பார்த்து வழிவிடுவதில்லை. ஊரில் வயதானவர்கள் இன்னமும் பிரெஞ்சில் மேரி என்று சொல்கிற பழைய கொம்யூன் அலுவலகக் கட்டடத்தின் முன்பக்கம் ரேஷன் கடை, பின்பக்கம் நூலகம். ஒரே அறை, பதினெட்டு இரும்பு அலமாரி, இரண்டு நீள மேஜை.

உதவியாளருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே நின்றிருந்தார்.

"நீங்கதான் பெரிய சாரா? வாங்க சார். இந்தப் பக்கம் ஒக்காருங்க, அந்தப் பக்கம் ஃபேன் காத்து வராது."

"பெரிய சாரெல்லாம் இல்லம்மா. ரிட்டயர் ஆயிட்டேன்."

"ரிட்டயர் ஆனா சின்ன சாரா ஆயிடுவீங்களா?" என்றவர், நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அன்று மதியத்துக்குள் அவருடைய நிலைமை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பதினேழு வருடமாகத் தினக்கூலி. நூலகர் இருந்தபோது கூட்டிப் பெருக்கினார்; நூலகர் போன பிறகு கூட்டிப் பெருக்கி, நூலகராகவும் இருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேல் தினக்கூலியில் இருப்பவர்களை நிரந்தரம் செய்ய ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெயரும் அதில் இருந்தது. வேலை செய்யும் கிளை இயங்குகிற கிளையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

"நீங்க லிஸ்ட்ட நல்லபடியா போட்டு அனுப்பிட்டீங்கன்னா என் ஃபைலும் நவுந்துடும் சார். எம்பொண்ணு கல்யாணத்துக்கு முன்ன ஆர்டர் வந்துட்டா, பத்திரிகைல நூலக உதவியாளர்னு போட்டுக்கலாம். இப்ப இன்னான்னு போடறது? டெய்லி வேஜஸ்னா போட முடியும்?"

வேலை சுலபமாகவே இருந்தது. முந்தைய வருடம் ஒப்பந்தத்தில் வந்த ஆட்கள் இரண்டு பதிவேடுகளைக் கணினியில் தட்டி வைத்திருந்தார்கள். ஒன்று, நூலகத்துக்கு வந்து சேர்ந்த புத்தகங்களின் இருப்புப் பதிவேடு. மற்றது, யார் எந்தப் புத்தகத்தை எப்போது எடுத்துப் போனார் என்ற வழங்கல் பதிவேடு. முதலாவதில் புத்தகத்தின் பெயரும் ஆசிரியரும் பதிப்பகமும் ஒரே கட்டத்தில் மூட்டை கட்டிப் போட்டதுபோல் கிடந்தன. அவற்றைப் பிரிக்க ஒரு மேக்ரோ, பகுப்பு எண் போட ஒரு மேக்ரோ, ஒவ்வொரு புத்தகமும் கடைசியாக வழங்கப்பட்ட தேதியை இரண்டாம் பதிவேட்டிலிருந்து எடுத்து வந்து, ஐந்து வருடத்துக்கு முந்தையதாக இருந்தால் நீக்கப் பட்டியலில் சேர்க்க ஒரு மேக்ரோ. எழுத மூன்று நாள் ஆனது. ஓடி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உதவியாளர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னா சார் இது, கையே வெக்கல, தானா ஓடுது? காத்து கருப்பு அண்டினாப்ல இருக்குது."

ஆறாயிரத்துச் சொச்சம் புத்தகங்களில் நாலாயிரத்துச் சொச்சம் நீக்கப் பட்டியலுக்குப் போயிருந்தன. எண்ணைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கிராமத்து நூலகம் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலைத் திறந்து நாலு வரி படித்துப் பார்க்கவில்லை. என் கீழ் வேலை பார்த்தவர் யாராவது இப்படி அனுப்பியிருந்தால் பச்சை மையில் இரண்டு பத்தி எழுதியிருப்பேன். அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடித்தேன்.

ஒன்பது நாள் கழித்து மீண்டும் அழைப்பு. இந்த முறை உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை.

"சார், ஒங்க லிஸ்ட் கிளாஸ். மத்த கிளைங்க அனுப்பினது குப்பை. ஒங்களது ஒரே பக்கத்துல விஷயம் தெளிவாயிடுச்சி. மூணுல ரெண்டு பங்கு புக்க எவனும் தொடல. அந்தக் கிளைய மூடி பாகூரோட சேத்துடலாம்னு நோட் போட்டுட்டோம்."

"அங்க இருக்கற அம்மாவோட ஃபைல்?"

"இயங்காத கிளைல எப்படி சார் நிரந்தரம் பண்றது? அந்த ரூல எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான சார்."

உண்மைதான். போனை வைத்துவிட்டு, அனுப்பிய பட்டியலை அப்போதுதான் முதல் முறையாகத் திறந்தேன். 'கடைசியாக வழங்கப்பட்ட தேதி' என்ற தலைப்பின் கீழ், மேலிருந்து கீழ்வரை ஒரே தேதி. 1900-ஆம் ஆண்டு, ஜனவரி மாதம், பூஜ்யம் தேதி. வழங்கல் பதிவேட்டில் தேதி இல்லாத இடத்தை என் மேக்ரோ பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யத்தைத் தேதியாக எழுதச் சொன்னால் கணினி அதன் கணக்கின் முதல் நாளுக்கும் முந்தைய நாளை எழுதும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்திலும் இங்கே பூஜ்யம் தேதியில் யாரும் எதையும் செய்ததில்லை. நான் நூற்றிருபது வருடத்துக்கு முன்னாலிருந்து நாலாயிரம் புத்தகங்களை யாரும் தொடவில்லை என்று அரசுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அரசும் ஏற்றுக்கொண்டிருந்தது. ஒருவரும் தேதியைப் பார்க்கவில்லை. அதில் மட்டும் நான் தனியாள் இல்லை.

பூஜ்யத்தைத் திருத்தினேன். கட்டம் காலியானது. ஆனால் அதனால் ஒரு பயனும் இல்லை. பதிவேட்டில் தேதி இல்லை என்றால், விதிப்படி அந்தப் புத்தகம் வழங்கப்படவில்லை. பட்டியல் அதே நாலாயிரம்தான்.

மறுநாள் போய்ச் சொன்னேன். போனில் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு முகம் இல்லை என்பதால் முகத்தையே கொண்டுபோனேன்.

உதவியாளர் பெருக்கிக்கொண்டே கேட்டார். கிளையை மூடுவது பற்றிச் சொன்னபோதும் பெருக்கினார். கோப்பைப் பற்றிச் சொன்னபோதும் பெருக்கினார். யாரும் புத்தகத்தைத் தொடவில்லை என்று சொன்னபோதுதான் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"எவனும் தொடலயா? யார் சார் சொன்னது?"

"வழங்கல் பதிவேடு சொல்லுதும்மா."

அவர் அலமாரிக்குப் போய், கைக்கு வந்த ஏழெட்டுப் புத்தகங்களை உருவி மேஜை மேல் போட்டார். ஒவ்வொன்றையும் கவிழ்த்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், திருப்பித் தர வேண்டிய தேதியைச் சீல் குத்த ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டுகளில் ஊதா நிறத் தேதிகள் எறும்பு வரிசைபோல இறங்கியிருந்தன. ஒரு புத்தகத்தில் சீட்டு நிறைந்து, அதன் மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிறைந்து, மூன்றாவதாகப் பழைய காலண்டர் தாளை வெட்டி ஒட்டியிருந்தார். கடைசித் தேதி அதற்கு முந்தைய சனிக்கிழமை.

"இதெல்லாம் வழங்கல் பதிவேட்டுல ஏன் இல்ல?"

"கார்டு இல்லாதவங்கள அதுல எப்டி சார் எழுதறது? மெம்பர் நம்பர் கேக்குது."

"கார்டு போட்டுக் குடுக்க வேண்டியதுதான?"

"கார்டு போடணும்னா கவுருமெண்டு ஆளு கையெழுத்து வேணுன்றீங்க. அதுவும் இதே கொம்யூன்ல குடியிருக்கற ஆளா இருக்கணுமாம். நடவுக்குப் போற பொம்பள கவுருமெண்டு ஆளுக்கு எங்க சார் போவா? அவளுக்குத் தெரிஞ்ச கவுருமெண்டு ஆளு ரேஷன் கடைக்காரரு ஒருத்தருதான். அவரே டெம்பரரி."

அரசு ஊழியரின் பிணைக் கையெழுத்து என்பது பழைய விதி. அந்த ஊழியர் அதே கொம்யூனில் குடியிருக்க வேண்டும் என்பது பின்னால் வந்த சுற்றறிக்கை. அதை எழுதியவன் நான். புத்தகம் தொலைந்தால் பிணையாளரைத் தேடிப் பிடிக்க வசதியாக இருக்கும் என்று காரணம் காட்டியிருந்தேன். நல்ல வாக்கியம் என்று அப்போதைய இயக்குநர் பாராட்டினார். இதை உதவியாளரிடம் நான் சொல்லவில்லை.

"பதிவேட்டுல எழுதாதப்ப சீட்டுல மட்டும் எதுக்கும்மா சீல்?"

"சீல் குத்தலன்னா திரும்பி வராது சார். வெறும் பொஸ்தவம்னா பரண் மேல போட்டுட்டு மறந்துடுவாங்க. சீல் இருந்தா அது கவுருமெண்டு சாமான். குடுக்கலன்னா வூட்டுக்கு போலீஸ் வரும்னு சொல்லி வெச்சிருக்கேன். இத்தினி வருசத்துல பதினோரு பொஸ்தவந்தான் வரல. அதுல மூணு மழைல போயிடுச்சி."

கார்டு வைத்திருந்த உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்கள் எடுத்துப்போனது முறையாக வழங்கல் பதிவேட்டில் இருந்தது. மற்றவர்கள் ரேஷன் வாங்க வரும்போது பின்பக்கம் வந்து ஒரு புத்தகத்தை அரிசிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். என் மேக்ரோ முதல் வகையை மட்டும் பார்த்தது. நானும் அதையேதான் பார்த்திருந்தேன்.

தேதிச் சீட்டும் நூலகத்தின் ஆவணம்தான். அதைக் காட்டிக் கிளை இயங்குகிறது என்று நிரூபிக்க விதியில் இடம் உண்டு. ஆனால் அதைக் காட்டினால், பதிவேட்டில் எழுதாமல், உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அரசுப் புத்தகங்களை ஆயிரக்கணக்கான முறை கொடுத்தவர் யார் என்பதும் நிரூபணமாகும். கிளை பிழைக்கும், அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ வரும். மெமோ நிலுவையில் இருப்பவரை நிரந்தரம் செய்ய முடியாது. காட்டாவிட்டால் கிளையே இருக்காது. இரண்டையும் அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். என் பணிக்காலத்தில் இப்படிப்பட்ட மெமோ நானே முப்பது நாற்பது கொடுத்திருப்பேன். அதன் பாதை எனக்கு மனப்பாடம்.

பிறகு நான் ஒன்று சொன்னேன். அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். சீட்டுகளில் இருக்கும் தேதிகளை எடுத்து, இருக்கிற நாற்பத்து மூன்று உறுப்பினர் எண்களையும் சுழற்சியில் போட்டு, வழங்கல் பதிவேட்டின் காலிக் கட்டங்களை நிரப்ப ஒரு மேக்ரோ எழுதலாம். எழுதப் பத்து நிமிடம் போதும். கிளையும் பிழைக்கும், அவரும் பிழைப்பார்.

"யாரு பேர்ல சார் போடுவீங்க?"

"கார்டு வெச்சிருக்கறவங்க பேர்ல. வாத்தியார், போஸ்ட்மேன், பால் சொசைட்டி கிளார்க்…"

அவர் மேஜை மேல் கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். "இது கர்ப்பிணிங்களுக்கானது. அஞ்சு வருசமா ஓயாம போயிக்கினு இருக்குது. இத்த போஸ்ட்மேன் பேர்ல போட்டா, பாவம், அவருக்கு இன்னும் கல்யாணமே ஆவல." சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "சார், நான் எழுதாம குடுத்தேன். நீங்க குடுக்காதத எழுதலான்றீங்க. எது சார் பெரிய தப்பு?"

"ரெண்டுக்கும் வேற வேற பிரிவு. நான் சொன்னதுக்குத்தான் தண்டனை அதிகம்."

"அப்ப அது வேணாம். நடந்தத அனுப்புங்க."

"மெமோ வரும்மா."

"வரட்டும். பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்காமயா போயிடப் போறேன்?"

நான் தலைமை அலுவலகத்துக்குப் பேசி, பட்டியலில் பிழை நேர்ந்துவிட்டது, திருத்தி அனுப்ப மூன்று வாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். பிழையா, மேக்ரோவிலா என்று அந்தப் பக்கம் இருந்தவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். மேக்ரோவில் இல்லை, பிழை என்னுடையது என்று சொன்னேன்.

கணினியால் அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறக்க முடியாது. அதை இரண்டு பேர் செய்தோம். அவர் எடுத்து, புத்தக எண்ணையும் கடைசித் தேதியையும் படிப்பார். நான் தட்டுவேன். ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது முடித்தால்தான் மூன்று வாரத்தில் நாலாயிரம் முடியும். இருநூற்றைம்பது முறை குனிந்து நிமிர்ந்த பிறகும் அவர் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சமைத்தார். நான் உட்கார்ந்தே இருந்தும் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் ஸ்கூட்டர் ஓட்ட முடிந்தது. சீல் மை கரைந்த சீட்டுகள், ஒன்றன் மேல் ஒன்று குத்திய தேதிகள், குழந்தை கிறுக்கிய தேதிகள். "இது ஏழா, ஒண்ணா?" என்று நான் கேட்க, "அது கொசு சார்" என்பார்.

நாங்கள் இந்த வேலையில் இருந்தாலும் நூலகத்தை மூடவில்லை. இரண்டாம் வாரம் சனிக்கிழமை, நடவு வேலைக்குப் போகிற ஒரு பெண் அரிசிப் பையுடன் உள்ளே வந்து என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"யாருக்கா இது?"

"கம்ப்யூட்டர் சாரு. நீ வா. இன்னா வேணும்?"

"அந்த ராணி கத, ரெண்டாம் பாகம்."

"அது ஒங்க தெருவுலயே கோடி வூட்டுல இருக்குது. அடுத்த சனிக்கெழம வரும்."

"அவகிட்டயா? அவ எழுத்துக்கூட்டிப் படிச்சி முடிக்கறதுக்குள்ள ராணிக்கே நரச்சிடுங்க்கா." பிறகு என் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு சார் எல்லாத்தையும் எடுத்து எழுதறீங்க? எங்க பேரும் போவுமா? போலீஸ் வருமா?"

"போலீஸெல்லாம் வராதும்மா" என்றேன்.

உதவியாளர் புத்தகத்தை மேஜையில் ஓங்கி வைத்தார். "சார். ஆறு வருசமா வரும்னு சொல்லிக் காப்பாத்தி வெச்சிருக்கேன். ஒரே நிமிசத்துல கெடுத்துடாதீங்க." பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "வரும்டி. இவரு புது ஆளு, இவருக்குத் தெரியாது."

பத்தொன்பது நாளில் முடித்தோம். நாலாயிரமாக இருந்த நீக்கப் பட்டியல், அறுநூற்றுச் சொச்சமாகச் சுருங்கியது. உண்மையிலேயே யாரும் தொடாத அந்த அறுநூறில் பாதிக்கு மேல், நான் கொள்முதல் குழுவில் இருந்த வருடங்களில் மொத்தமாக வாங்கி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பியவை. தாள்கள்கூடப் பிரிக்கப்படாமல் புத்தம் புதிதாக இருந்தன. உதவியாளர் அவற்றைத் தூசி தட்டி, தனியாக அடுக்கி, "இதுங்க நல்லா இருக்குது சார், பாத்தா வாங்குன அன்னிக்கு மாதிரியே இருக்குது" என்றார்.

பட்டியலோடு வைத்த முகப்புக் கடிதத்தில், தேதிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதை மறைக்காமல் எழுதினேன். இரண்டாம் நாள் என் பழைய நாற்காலியிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், இத அனுப்பினா அந்தம்மாவே மாட்டிக்குவாங்களே."

"தெரியும். அவங்களுக்கும் தெரியும்."

"நீங்க கண்டுக்காம விட்டிருக்கலாம் சார். வயசான காலத்துல எதுக்கு உங்களுக்கு இது?"

அவர் சொன்னதும் சரிதான்.

மெமோ வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். வாசகங்களைப் படித்தபோது வீட்டுக்கு வந்த உறவினரைப் பார்ப்பதுபோல் இருந்தது. எல்லாம் நான் எழுதிப் பழக்கியவை. விளக்கத்தை நானே தயாரித்தேன். நூலகர் இல்லாத நிலையில், வாசகர் நலன் கருதி, தீய நோக்கம் ஏதுமின்றி, என்று சீராகப் போனது. நடுவில், பிணைக் கையெழுத்து விதியையும் கொம்யூன் நிபந்தனையையும் தளர்த்தும்படி ஒரு பத்தி வைத்தேன். நான் போட்ட சுற்றறிக்கையை எடுக்கச் சொல்லி, அவர் பெயரில் நானே கெஞ்சினேன். அப்போதுதான் அது யார் போட்டது என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "அதான் வாக்கியம் நல்லா இருக்குது" என்றார்.

கடைசி வரி: 'இனி இவ்வாறு நிகழாது என உறுதியளிக்கிறேன்.' அங்கே பேனாவை வைத்துவிட்டார்.

"இத்த எடுத்துடுங்க சார்."

"அந்த ஒரு வரிதாம்மா மெமோவ முடிக்கும். அது இல்லாம ஒரு ஃபைல்கூட மூடினத நான் பாத்ததில்ல."

"சனிக்கெழம ரேஷன் போடுறாங்க. பதினஞ்சு பேராவது பின்னால வருவாங்க. நிகழாதுன்னு எழுதிக் குடுத்துட்டு அன்னிக்கு நான் இன்னா பண்றது? கதவ சாத்திக்கினு ஒக்காந்துக்கறதா?"

"எழுதறது வேற, நடக்கறது வேறம்மா. எல்லாரும் அந்த வரிய எழுதறாங்க."

"நீங்க எழுதி வாங்கினதெல்லாம் அப்டிதானா சார்?"

யோசித்துப் பார்த்தேன். முப்பது நாற்பது விளக்கங்கள், எல்லாவற்றிலும் அதே கடைசி வரி. எல்லாவற்றையும் திருப்தியுடன் ஏற்றுக் கோப்பை மூடியிருக்கிறேன். வரியை நீக்கி வேறு தாளில் அச்செடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. நிரந்தரம் செய்யப்பட்டவர்களின் பட்டியல் வெளியான அன்று, பழைய நாற்காலிக்காரர் மரியாதைக்காக எனக்கு முதலில் சொன்னார். அதைச் சொல்ல மறுபடியும் ஸ்கூட்டரை எடுத்தேன். சனிக்கிழமை. நூலகத்தில் ஏழெட்டுப் பெண்களும், மோட்டார் கொட்டகைக் காவலுக்குப் போகிற ஒருவரும் நின்றிருந்தார்கள். உதவியாளர் சீல் குத்திக்கொண்டிருந்தார்.

கிளையை மூடும் யோசனையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்றேன். தலையசைத்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை என்றேன். விளக்கம் பரிசீலனையில் இருப்பதால் கோப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அவர் கை சீல் கட்டையின் மேல் அப்படியே நின்றது. வெளியே ரேஷன் கடையில் யாரோ எடை சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு கல்யாணம் தையில சார்."

"தெரியும்மா."

"இங்கிருந்து போவச் சொல்லல இல்ல?"

"சொல்லல."

அவர் எதிரே நின்ற பெண்ணின் புத்தகத்தில் தேதியைக் குத்தி அனுப்பிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. பெயர், தெரு, புத்தக எண், தேதி. மெமோ வந்த நாளிலிருந்து கார்டு இல்லாமல் எடுத்துப்போன ஒவ்வொருவரும் அதில் தங்கள் கையாலேயே எழுதியிருந்தார்கள்.

"எழுதாம குடுத்ததுதான தப்புன்னு மெமோ. இப்ப எழுதித்தான் குடுக்கறேன். வந்ததுக்கு இத்தயும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுப் போங்க சார்."

தலைமை அலுவலகப் படிவத்தில் உறுப்பினர் எண் இல்லாமல் ஒரு வரியும் ஏறாது. படிவத்தை யாரும் மாற்றக் கூடாது என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கும். நோட்டில் பதினான்கு பக்கங்கள் நிறைந்திருந்தன; ஒவ்வொருவர் கையெழுத்தும் ஒவ்வொரு மாதிரி, எந்த மேக்ரோவும் படிக்காது. சாப்பாட்டுக்கு வர நேரமாகும் என்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். பிறகு படிவத்தில் 'கார்டு இல்லாதவர்' என்று புதிதாக ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராகத் தட்ட ஆரம்பித்தேன்.